டிடிபி கடைக் கணினிகள்: ஆன்டிவைரஸ் உரிமத்தைப் புதுப்பிக்கலாமா, வேண்டாமா?

#1 அச்சுக்கூடம்

அனைவருக்கும் வணக்கம். சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போகும் சாலையில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மூன்று கணினிகள். முன்மேசையில் இருப்பது விண்டோஸ் 10. வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென்டிரைவ் எல்லாம் அதில்தான் செருகப்படும். உள்ளறையில் விண்டோஸ் 11. பத்திரிகை, ஃபிளெக்ஸ் வடிவமைப்பு அதில் நடக்கிறது. மூன்றாவது, பழைய விண்டோஸ் 7. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு நிரலும், பாமினி எழுத்துருவில் செய்த பழைய கல்யாணப் பத்திரிகைக் கோப்புகளும் அதில் இருப்பதால் தூக்கிப் போட மனம் வரவில்லை.

மூன்றுக்கும் சேர்த்து வாங்கிய ஆன்டிவைரஸ் உரிமம் இந்த மாதத்தோடு முடிகிறது. கடைக்கு வரும் பேராசிரியர் ஒருவர், "விண்டோஸோடு வருவதே போதும், காசைக் கரியாக்காதீர்கள்" என்கிறார். கணினி விற்றவரோ, "அதை நம்பினால் நடுத்தெருவில்தான் நிற்பீர்கள், இந்த முறை டோட்டல் செக்யூரிட்டியாகப் போட்டுவிடுங்கள்" என்கிறார். ப்ராஜெக்ட் காலம் தொடங்கப் போகிறது. மார்ச், ஏப்ரலில் வரும் பென்டிரைவுக்குக் கணக்கே கிடையாது. எதை வாங்கலாம்?

#2 பெங்குவின்_மதுரை

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடுங்கள். வேலை முடிந்தது.

#3 அச்சுக்கூடம்

இந்தப் பதில் எப்படியும் வரும் என்று தெரியும் நண்பரே. வடிவமைப்புக்கு வைத்திருக்கும் கோரல்டிரா அதில் ஓடாதே, என்ன செய்வது?

#4 திருகாணி

வணக்கம் அண்ணா. ஈரோட்டில் கணினி பழுதுபார்க்கும் தொழில் எனக்கு. எதை வாங்குவது என்பதற்கு முன்னால் நான் ஒன்று கேட்கிறேன். பதிலை இங்கே எழுத வேண்டாம், மனத்துக்குள் சொல்லிக்கொண்டால் போதும். உங்கள் கோரல்டிரா காசு கொடுத்து வாங்கியதா?

என் மேசைக்கு வரும் டிடிபி கடைக் கணினிகளில் பெரும்பாலும் ஆன்டிவைரஸ் இருக்கும். உரிமமும் உயிரோடுதான் இருக்கும். ஆனால் கிராக் (காசு கொடுக்காமல் நிரலை ஓட்டவைக்கும் திருட்டு வழி) போட்ட அன்று கடைக்காரரே தம் கையால் அதை நிறுத்தியிருப்பார். கிராக்கோடு வரும் குறிப்பில் முதல் வரியே "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்" என்பதுதானே. அடுத்த வரி, அந்த ஃபோல்டரை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லும். சேர்த்துவிட்டால் அதன்பின் அந்த ஃபோல்டருக்குள் என்ன நடந்தாலும் எந்த ஆன்டிவைரஸும் எட்டிப் பார்க்காது. இலவசமா, டோட்டலா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

ஒரு போட்டோ ஸ்டூடியோவிலிருந்து வந்த கணினியைச் சொல்கிறேன். 'ஸ்டாப்' என்றும் 'டிஜேவியு' என்றும் சொல்லப்படும் ரான்சம்வேர் குடும்பம், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்கள். 2018 வாக்கிலிருந்து உலவுகிறது. இது பெரிய நிறுவனங்களைத் தேடிப் போவதில்லை. கிராக் தேடி அலையும் வீட்டுக்காரர்களும் சிறு கடைக்காரர்களும்தான் இதன் இரை. நிறுவியை இயக்கியதும் 'விண்டோஸ் அப்டேட் நடக்கிறது, அணைக்க வேண்டாம்' என்பதுபோல் ஒரு போலித் திரையைக் காட்டும். நாமும் சரி, அப்டேட்தானே என்று டீ குடிக்கப் போய்விடுவோம். திரும்பி வருவதற்குள் எல்லாக் கோப்புகளின் வாலிலும் நான்கெழுத்தில் புதிதாக ஒன்று ஒட்டியிருக்கும். ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மீ' என்று ஓர் உரைக்கோப்பு. 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதி விலை 490. ஆடித் தள்ளுபடிதான்! ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் தளங்களைத் திறக்கவிடாமல், தள முகவரிகளைக் குறித்துவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் மாற்றிவைத்துவிடும். போதாக்குறைக்கு, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் இன்னொரு நிரலையும் பல சமயம் கூட்டிவரும்.

மாட்டிக்கொண்டவர்களுக்குப் பயன்படும் என்பதால் இதையும் எழுதிவைக்கிறேன். இந்த டிஜேவியு அவசரக்காரன். கோப்பு முழுவதையும் பூட்டுவதில்லை, தொடக்கத்தில் உள்ள 150 கேபி அளவை மட்டும் பூட்டிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும். அதனால் பெரிய வீடியோக்களைப் பல நேரம் மீட்டுவிடலாம். அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்று இருந்தால் வேலை இன்னும் எளிது. ஜிப் கோப்பாக இருந்தால் உள்ளே முதலில் இருப்பது போகும், மற்றவை கிடைக்கும். சிறிய ஜேபெக் படங்கள்தாம் பரிதாபம். அந்த ஸ்டூடியோவுக்கு முகூர்த்த வீடியோக்கள் திரும்பக் கிடைத்தன. படங்கள் போனவை போனவைதான்.

2019 ஆகஸ்டுக்கு முந்தைய வகைகளுக்கு எம்சிசாஃப்ட் நிறுவனம் அதே ஆண்டு அக்டோபரில் இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. அதற்குப் பிந்தைய வகைகளில், தாக்குதல் நடந்தபோது அந்த நிரலால் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியாமல் போயிருந்தால் மட்டும் வழி உண்டு. ரீட்மீ கோப்பில் உங்கள் அடையாள எண் 'டி1' என்று முடிகிறதா பாருங்கள். முடிந்தால் அந்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்திருங்கள். என்றைக்காவது சாவி வெளிவரலாம். முடியாவிட்டால் பணத்தையும் சேர்த்து இழக்காதீர்கள்.

#5 அச்சுக்கூடம்

மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்த கேள்விக்குப் போகலாம்.

#6 நீலாம்பல்

அண்ணா, நீங்கள் மாணவர்களின் பென்டிரைவைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். நாங்கள் கடைக் கணினியைப் பார்த்துப் பயப்படுகிறோம்! நான் முனைவர்பட்ட ஆய்வு மாணவி. (உங்கள் கடை இல்லை, வேறு ஊர்.) ஆய்வேட்டின் இரண்டு அத்தியாயங்களை அச்செடுத்துவிட்டு விடுதிக்கு வந்து பென்டிரைவைத் திறந்தால், உள்ளே ஒரே ஒரு படக்குறி. அதன் பெயரும் பென்டிரைவின் பெயரேதான். மூலையில் சின்னதாக ஓர் அம்புக்குறி. அளவு 2 கேபி. ஆனால் பண்புகளைத் திறந்து பார்த்தால் 3 ஜிபிக்கு மேல் நிரம்பியிருப்பதாகக் காட்டுகிறது. மேற்கோள் அட்டவணை, கள ஆய்வுப் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. அறைத்தோழி "ஃபார்மட் செய்துவிடு" என்றாள். மனம் கேட்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

#7 தட்டச்சுத்தாத்தா

ஃபார்மட் செய்யாதே அம்மா. அந்தப் படக்குறியைச் சொடுக்கவும் செய்யாதே. உன் கோப்புகள் அத்தனையும் உள்ளேயேதான் இருக்கின்றன.

அது ஷார்ட்கட் வகைப் புழு. உன் ஃபோல்டர்களுக்கு 'மறைவு', 'சிஸ்டம்' என்ற இரண்டு பண்புகளையும் கொடுத்து ஒளித்துவிட்டு, வெளியே ஒரு ஷார்ட்கட்டை நிறுத்திவைக்கும். சிலவகைப் புழுக்கள் எல்லாவற்றையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவிடும். பெயர் இருக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றெழுத்து இருக்கும், அவ்வளவுதான். நீ ஷார்ட்கட்டைச் சொடுக்கினால் அது முதலில் தன் நிரலை இயக்கும், பிறகு ஒளித்த ஃபோல்டரையும் திறந்து காட்டும். கோப்புகள் கண்ணுக்குத் தெரிகின்றனவே, எல்லாம் சரி என்று நீ வேலையைப் பார்ப்பாய். கணினி அதற்குள் தொற்றிக்கொண்டிருக்கும். கெட்டிக்காரத்தனம் முழுவதும் அந்த இரண்டாவது வேலையில் இருக்கிறது.

மீட்க வழி: நல்ல கணினி ஒன்றில் செருகி, திறக்காமல், முதலில் வைரஸ் சோதனை ஓட்டு. பிறகு கட்டளைச் சாளரத்தில் அந்த டிரைவுக்குப் போய் 'அட்ரிப்' கட்டளையால் மறைவு, சிஸ்டம் பண்புகளை எடுத்துவிடு. உள்ளே உள்ள ஃபோல்டர்களுக்கும் சேர்த்து எடுக்க வேண்டும். கோப்புகள் தலைகாட்டும். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் நகலெடுத்துக்கொண்டு, அதன்பிறகு ஃபார்மட் செய்.

வந்ததற்குக் கொஞ்சம் பழங்கதையும் சொல்லிவிடுகிறேன். பிசிக்கு வந்த முதல் வைரஸ் என்று பேர்வாங்கிய 'பிரெய்ன்' 1986இல் லாகூரில் பிறந்தது. எழுதிய சகோதரர்கள் இருவரும் தங்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே பொறித்திருந்தார்கள். இப்போது அப்படி ஒரு நாணயமான ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம். ஃப்ளாப்பியின் பூட் செக்டரில் (கணினி தொடங்கும்போது முதலில் படிக்கும் பகுதி) உட்கார்ந்து ஊர் ஊராகப் போனது. பென்டிரைவ் வந்ததும் ஃப்ளாப்பியின் வேலையை அது எடுத்துக்கொண்டது. 2008 நவம்பரில் கிளம்பிய 'கான்ஃபிக்கர்' புழு நெட்வொர்க் ஓட்டை வழியாகவும் பரவியது, பென்டிரைவைச் செருகியதும் நிரலைத் தானாக ஓட்டும் ஆட்டோரன் வழியாகவும் பரவியது. செருகியதும் எழும் சின்னச் சாளரத்தில் 'கோப்புகளைக் காண ஃபோல்டரைத் திற' என்று இரண்டு வரிகள் தெரியும். ஒன்று விண்டோஸ் காட்டுவது, மற்றது புழு எழுதியது. படம்கூட அதே மஞ்சள் ஃபோல்டர்தான். படித்தவர்களே மேல்வரியைச் சொடுக்கி ஏமாந்தார்கள்.

பென்டிரைவில் ஆட்டோரன் தானாக ஓடுவதை விண்டோஸ் 7 வந்தபோதே நிறுத்திவிட்டார்கள். எக்ஸ்பி, விஸ்டாவுக்கு 2011 பிப்ரவரி அப்டேட்டில் நிறுத்தினார்கள். தானாக ஓட வழியில்லாமல் போனதால்தான் இப்போது உன் விரல் தேவைப்படுகிறது, அதற்குத்தான் இந்த ஷார்ட்கட் வேடம்.

அச்சுக்கூடம் தம்பிக்கு ஒன்று. கோப்பின் பின்னொட்டைக் காட்டும் அமைப்பை மூன்று கணினியிலும் இன்றே இயக்குங்கள். 2000 மே மாதம் உலகத்தையே உலுக்கிய 'ஐ லவ் யூ' மின்னஞ்சலில் வந்த கோப்பின் பெயர் உரைக்கோப்பு மாதிரி டிஎக்ஸ்டி என்று முடிந்தது. அதற்கும் பின்னால் இருந்த விபிஎஸ் என்ற பின்னொட்டை விண்டோஸ் மறைத்துவிட்டது. கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. விண்டோஸ் 11இலும் பின்னொட்டை மறைப்பதுதான் இயல்பமைப்பு. இதற்கு என்ன சமாதானம் சொல்வார்களோ!

#8 நீலாம்பல்

தாத்தா, எல்லாம் கிடைத்துவிட்டன. பெயரில்லாத ஃபோல்டர் என்று நீங்கள் சொன்ன அதே வகை. மிக்க நன்றி.

#9 பெங்குவின்_மதுரை

முதலில் விளையாட்டாகச் சொன்னேன், இப்போது நிதானமாகவே சொல்கிறேன். மூன்றையும் மாற்ற வேண்டாம், முன்மேசைக் கணினியை மட்டும் மாற்றுங்கள். அதில் நடப்பது என்ன? பென்டிரைவைத் திறப்பது, பிடிஎஃப் அச்செடுப்பது, ஸ்கேன் செய்வது, வாட்ஸ்அப் வெப், மின்னஞ்சல். லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டில் இவ்வளவும் நடக்கும். ஷார்ட்கட் புழு அங்கே செத்த பூச்சி. ஒளித்துவைத்த ஃபோல்டரும் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் விண்டோஸின் மறைவுப் பண்பை லினக்ஸ் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. லினக்ஸுக்கு வைரஸே கிடையாது என்று சொல்ல மாட்டேன், அது பொய். உங்கள் கடைக்கு வரும் பென்டிரைவில் இருப்பது விண்டோஸுக்கு எழுதியது என்பதுதான் விஷயம். மாற்றுவதற்கு முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: உங்கள் ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்று. அங்கேதான் பலர் முட்டிக்கொள்கிறார்கள்.

#10 அச்சுக்கூடம்

டிரைவர் இருக்கிறது, பார்த்துவிட்டேன். சிக்கல் வேறு. மாணவர்கள் வேர்டு கோப்பாகத்தான் கொண்டுவருகிறார்கள். அதை லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாக உள்ள லிப்ரே ஆஃபிஸில் திறந்தால் பக்கம் ஓடிவிடுகிறது. 62 பக்க ஆய்வேடு 65 ஆகும், பொருளடக்கம் பொய்யாகும், படம் ஒரு பக்கம் அதன் தலைப்பு மறுபக்கம். வைவாவுக்கு முந்தின இரவு வரும் பிள்ளையிடம் "இது லினக்ஸ்" என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

#11 நீலாம்பல்

பிடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள் அண்ணா. வேர்டிலேயே சேமிக்கும்போது பிடிஎஃப் என்று தேர்ந்தெடுத்தால் போதும், பலருக்கு அது தெரியாது. கடை வாசலில் எழுதி ஒட்டினால் இரண்டு வாரத்தில் பழகிவிடுவார்கள். கடைசி நேரத்தில் வேர்டோடு வருபவர்களுக்கு மட்டும் உள்ளறைக் கணினி. அதுவும் மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லலாம், பென்டிரைவே தேவையில்லை.

#12 திருகாணி

நீலாம்பல் சொன்னதில் ஒரே ஒரு திருத்தம். கடையின் மின்னஞ்சலுக்கு மாணவர்கள் தங்கள் செல்பேசியிலிருந்து அனுப்பட்டும். கடைக் கணினியில் தங்கள் ஜிமெயிலைத் திறந்து அச்செடுக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். இப்போதைய திருட்டு நிரல்கள் பாஸ்வேர்டை மட்டும் எடுப்பதில்லை. நீங்கள் உள்நுழைந்திருப்பதற்கு அடையாளமாகப் பிரவுசர் வைத்திருக்கும் குக்கியையும் எடுத்துப்போகின்றன. அது கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், செல்பேசிக்கு வரும் ஓடிபியும் வேண்டாம், நேராக உள்ளே போய்விடலாம். பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிறுத்தாமல், 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் சேர்த்துச் செய்ய வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஆன்லைனில் பரவும் இன்னொரு தந்திரம். ஏதோ ஒரு தளத்தைத் திறந்தால் 'நீங்கள் மனிதர்தானா' என்று கேட்கும். சரி என்றதும், விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்துங்கள், கன்ட்ரோலோடு வி அழுத்துங்கள், பிறகு என்டர் தட்டுங்கள் என்று வழி சொல்லும். நீங்கள் பார்க்காதபோதே கிளிப்போர்டில் ஒரு கட்டளையை வைத்திருப்பார்கள். மூன்று விசையில் உங்கள் கையாலேயே அதை ஓட்டிவிடுவீர்கள். 2024இலிருந்து இது தலைவிரித்தாடுகிறது. உங்களை மனிதர் என்று மெய்ப்பிக்க எந்த நேர்மையான தளமும் விண்டோஸ் ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது. கடையில் வேலை செய்யும் தம்பி, தங்கைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

#13 இரவுப்பணி

கோவையில் ஒரு நிறுவனத்தில் கணினி நிர்வாகம் பார்க்கிறேன். எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள், அவர் கேட்ட கேள்வி அந்தரத்தில் நிற்கிறது. என் பதில்: புதுப்பிக்க வேண்டாம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதும்.

'டிஃபெண்டர் ஒன்றுக்கும் உதவாது' என்பது ஒரு காலத்தில் உண்மைதான். 2009இல் செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் என்ற பெயரில் தனியாக இறக்கிப் போட வேண்டியிருந்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது உள்ளேயே சேர்த்தார்கள். ஆரம்பத்தில் சோதனைகளில் கடைசி வரிசையில்தான் இருந்தது. இப்போது கட்டண நிரல்களோடு தோளுக்குத் தோள் நிற்கிறது. கடைக்காரருக்கு அதைவிடப் பெரிய ஆதாயம், அது 'இன்னும் ஏழு நாள்தான் இருக்கிறது, புதுப்பி' என்று நச்சரிக்காது.

உரிமம் முடிந்த நிரலை அப்படியே விட்டுவைக்காதீர்கள். கடிகாரத்துக்குப் பக்கத்தில் அதன் படக்குறி இருக்கும், காவல் இருக்காது. ஒழுங்காக நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்து, டிஃபெண்டர் விழித்துக்கொண்டதா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் 'ஐகார்' என்ற சோதனைக் கோப்பு இருக்கிறது. 68 எழுத்து கொண்ட ஒரே வரி. தீங்கு எதுவும் இல்லை, ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் அதைப் பார்த்ததும் கத்த வேண்டும் என்று ஏற்பாடு. கத்தவில்லை என்றால் காவலாளி தூங்குகிறான்.

#14 திருகாணி

இரவுப்பணி நண்பரோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். அலுவலகத்தில் உங்களைப் போன்ற ஒருவர் பின்னால் இருக்கிறார், கடையில் யார் இருக்கிறார்? கட்டண நிரல் வாங்கினால் தொலைபேசியில் தமிழில் கேட்டுச் சரிசெய்துகொள்ள ஓர் ஆள் கிடைக்கிறார். சென்னையில் கே7, புனேயில் குவிக் ஹீல் என்று நம் நாட்டு நிறுவனங்கள் பல்லாண்டுகளாக இருக்கின்றன. நம்மூர் பென்டிரைவில் திரியும் சில்லறைப் புழுக்கள் அவர்களுக்கு நன்றாகவே பழக்கம். தெரியாதவருக்கு அந்தச் சில நூறு ரூபாய் வீண் என்று சொல்ல மாட்டேன். டோட்டல், அல்டிமேட் என்று விலை ஏறும் பொதிகளில் கூடுதலாகத் தரும் குப்பை சுத்தம், வேகம் கூட்டும் கருவி இவையெல்லாம்தான் தண்டம்.

#15 இரவுப்பணி

தமிழில் பேச ஆள் வேண்டும் என்றால் வாங்கட்டும், தடுக்கவில்லை. ஆனால் வேறொரு நிரல் காவலுக்கு வந்தால் டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும். அதோடு அதிலுள்ள 'கன்ட்ரோல்ட் ஃபோல்டர் ஆக்சஸ்' என்ற வசதியும் போய்விடும். 2017 இறுதியில் விண்டோஸ் 10க்கு வந்தது, ரான்சம்வேருக்கென்றே செய்தது. நீங்கள் சுட்டும் ஃபோல்டர்களில் அனுமதி பெற்ற நிரல்கள் மட்டுமே எழுத முடியும். இயக்கிய முதல் வாரம் கோரல்டிராவையே சேமிக்க விடாமல் தடுத்து உங்களை எரிச்சலூட்டும். ஒவ்வொன்றாக அனுமதித்தால் அடங்கிவிடும். இயல்பாக அணைந்தே இருக்கும், நீங்கள்தான் இயக்க வேண்டும்.

அட்மின் கணக்கிலேயே எல்லோரும் வேலை செய்வதையும் நிறுத்துங்கள். கடைப் பணியாளர்களுக்குச் சாதாரணப் பயனர் கணக்கு கொடுங்கள், அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.

#16 திருகாணி

சாதாரணக் கணக்கு நல்லதுதான், பெரும்பாலான நிரல்களைப் புதிதாக நிறுவவிடாது. ஆனால் அதை நம்பி நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். ரான்சம்வேருக்கு அட்மின் அதிகாரம் தேவையில்லை. உங்கள் கோப்பைத் திறந்து எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது இல்லையா, அந்த உரிமையே அதற்குப் போதும். விண்டோஸைத் திரும்ப நிறுவிக்கொள்ளலாம். வாடிக்கையாளரின் பத்திரிகைக் கோப்பை எங்கே போய் வாங்குவது?

அதனால் பேக்கப். இரண்டு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். கடை மூடும்போது ஒன்றைச் செருகி, நகலெடுத்து, கழற்றி, வீட்டுக்கு எடுத்துப் போங்கள். மறுநாள் மற்றது. கழற்றுவதுதான் முக்கியம். கணினியோடு எந்நேரமும் இணைந்தே கிடக்கும் டிஸ்கைப் பேக்கப் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு கடையில் இரண்டும் சேர்ந்தே பூட்டிக்கொண்டன. விண்டோஸ் தானே எடுத்துவைக்கும் பழைய பிரதிகளையும் ரான்சம்வேர் முதல் வேலையாக அழித்துவிடும்.

கூகுள் டிரைவில் தானாக ஏறுகிறதே என்பார்கள். பூட்டிய கோப்பும் தானாகத்தானே ஏறும்! முந்தைய பதிப்புகளை 30 நாள் வரை வைத்திருப்பார்கள், அதற்குள் ஒவ்வொன்றாகத் திருப்பி எடுக்கலாம். ஆயிரக்கணக்கான கோப்பு என்றால் கை ஓய்ந்துவிடும்.

#17 வடலி

யாழ்ப்பாணத்தில் கொமினிக்கேஷன் கடை வைத்திருக்கிறேன். இங்கேயும் இதே போட்டோகொப்பி, இதே பென்டிரைவ், இதே புழு. நான் செய்வது ஒன்றுதான். சந்தேகமான கோப்பு வந்தால் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பார்ப்பேன். எழுபதுக்கு மேற்பட்ட ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் பரிசோதித்துச் சொல்லும்.

#18 இரவுப்பணி

வடலி அவர்களுக்கு: நிறுவிகளை, எக்ஸ்இ கோப்புகளை ஏற்றுவதில் தப்பில்லை. வாடிக்கையாளரின் ஆவணங்களை மட்டும் ஏற்றாதீர்கள். அங்கே ஏற்றும் கோப்புகளை அத்தளத்தின் கட்டணச் சந்தாதாரர்களான ஆய்வாளர்கள் இறக்கிப் பார்க்க முடியும். ஒருவருடைய வங்கிப் புத்தகமோ அடையாள அட்டையோ அப்படிப் போய்ச் சேர்ந்தால் நன்றாக இருக்காது.

#19 நீலாம்பல்

அடையாள அட்டை என்றதும் கேட்கத் தோன்றுகிறது. ஸ்கேன் செய்த ஆதார், மதிப்பெண் பட்டியல் எல்லாம் கடைக் கணினியில் எத்தனை நாள் கிடக்கும்? டெஸ்க்டாப்பில் 'புதிய ஃபோல்டர் 14' வரைக்கும் பார்த்திருக்கிறேன். உள்ளே யார் யாருடைய சாதிச் சான்றிதழோ இருந்தது.

#20 அச்சுக்கூடம்

சுருக்கென்று தைக்கிறது. இனிமேல் கடை மூடும்போது அழித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். குப்பைத்தொட்டியையும் சேர்த்துத்தான்.

விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்கிறார்களே, முன்மேசைக் கணினியை லினக்ஸுக்கு மாற்றும்வரை ஓட்டலாமா? அதில் விண்டோஸ் 11 ஏறாது, ஆறாம் தலைமுறை இன்டெல்.

#21 இரவுப்பணி

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. ஆனால் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் தருகிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து அமைப்புகளைச் சேமித்துவைக்கச் சம்மதித்தால் காசு வேண்டாம், இல்லையென்றால் 30 டாலர். அமைப்புகளில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யும் இணைப்பு இருக்கும். விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22ஹெச்2இல் இருக்க வேண்டும். டிஃபெண்டருக்கு வைரஸ் அடையாளங்கள் 2028 அக்டோபர் வரை வரும். அதைக் காட்டி யாராவது 2028 வரை கவலையில்லை என்றால் நம்பாதீர்கள். வைரஸ் அடையாளம் வேறு, விண்டோஸில் இருக்கும் ஓட்டையை அடைப்பது வேறு.

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் வந்தபோது, அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள்தாம் மாட்டினார்கள். பிரிட்டனில் மருத்துவமனைகளே முடங்கின.

#22 பெங்குவின்_மதுரை

அந்த ஆறாம் தலைமுறையில் மின்ட் பறக்கும். சும்மா சொல்லிவைத்தேன். கோரல்டிரா விஷயத்துக்கும் ஒன்று: இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை நிரல் கோரல்டிராவின் பல சிடிஆர் கோப்புகளைத் திறக்கும், கொஞ்சம் ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கும். பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸ் 1.6 பதிப்பில் தமிழ் யூனிகோட் உடையாமல் வருகிறது. அஃபினிட்டி என்ற வடிவமைப்பு நிரல் 2025 அக்டோபர் இறுதியிலிருந்து இலவசம், அது விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டும். கிராக் தேடும் தேவையே பாதி குறையும்.

#23 அச்சுக்கூடம்

அனைவருக்கும் நன்றி. நான் செய்யப்போவது இது. முன்மேசைக்கு மின்ட். உள்ளறையில் டிஃபெண்டர், அந்த ஃபோல்டர் காவல், பணியாளருக்குத் தனிக் கணக்கு. உரிமப் பணத்தில் இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஒன்றின் ஒரு பகுதியாவது தேறும். கணினி விற்றவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. கோரல்டிரா பற்றி வீட்டில் கலந்துபேச வேண்டும், அது பெரிய செலவு.

மீதம் இருப்பது விண்டோஸ் 7. அதில் தமிழ் தட்டச்சு நிரலையே ஆன்டிவைரஸ் ஒருமுறை வைரஸ் என்று பிடித்துவைத்தது. அதையும் விளக்கினால் நல்லது.

#24 திருகாணி

தட்டச்சு நிரல் நீங்கள் அழுத்தும் விசையை இடையில் பிடித்துத் தமிழாக மாற்றித் தருகிறது. விசைகளைத் திருடும் கீலாகரும் அதே இடத்தில்தான் உட்காரும். அதனால் சில நேரம் சந்தேகப்படும். நிரலை எழுதியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கியதா என்று மட்டும் உறுதிசெய்துகொண்டு, அந்த ஒரு கோப்பை அனுமதியுங்கள். டிரைவ் முழுவதையும் விலக்குப் பட்டியலில் போட்டுவிடாதீர்கள்.

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு அப்டேட் நின்றுவிட்டது. அதற்கு எந்த ஆன்டிவைரஸ் போட்டாலும் ஓட்டை ஓட்டைதான். நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி, வைஃபை அட்டை இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். பேஜ்மேக்கர் ஓட இணையம் எதற்கு? அதற்கென்றே ஒரு பென்டிரைவ் ஒதுக்கி, மேலே சிவப்பு நூல் கட்டிவையுங்கள். மின்ட் கணினிக்கும் இதற்கும் நடுவில் மட்டும் போய்வரட்டும், வேறு எதிலும் செருக வேண்டாம். பழைய பத்திரிகைக் கோப்புகளை இப்போதே ஒருமுறை டிஸ்கில் நகலெடுத்துவிடுங்கள். அந்த வயதுக் கணினியில் வைரஸுக்கு முன்னால் ஹார்ட் டிஸ்க் போய்விடும்.

#25 அச்சுக்கூடம்

கேபிளைப் பிடுங்கியாயிற்று. நகல் ஓடிக்கொண்டிருக்கிறது, 41 விழுக்காடு.